தணிகை மலையடிவாரத்துப் பேறுகாலம்

செப்டம்பர் 5 என்றால் இந்தியாவில் பள்ளிக்கூடம் போன எல்லோருக்கும் தெரியும். 1888ஆம் ஆண்டு அந்தத் தேதியில் திருத்தணியில் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் பிறந்தார். அவர் குடியரசுத் தலைவரான 1962ஆம் ஆண்டிலிருந்து அது ஆசிரியர் தினம். ஆனால் அவருடைய மகனும் வரலாற்றாசிரியருமான எஸ். கோபால் 1989இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாற்றில் வேறொரு செய்தியும் இருக்கிறது. தாம் பிறந்தது 1887 செப்டம்பர் 20 என்றே ராதாகிருஷ்ணன் நம்பியிருந்தார். ஏட்டில் ஒரு தேதி, பிறந்தவர் மனத்தில் ஒரு தேதி. இடையில் ஏறக்குறைய ஓர் ஆண்டு.

அந்தக் காலத்துத் திருத்தணிக்கு இது புதிதில்லை. நட்சத்திரம், லக்கினம் பார்த்து ஜாதகம் கணித்து வைத்தவர்கள் வசதியுள்ள வீட்டார். மற்றவர்களுக்குப் பெருமழை பெய்த வருஷம், ஆடிக் கிருத்திகைக்கு முன், அறுவடைக்குப் பின் என்பதுதான் கணக்கு. பள்ளியில் சேர்க்கப் போகும் நாளில் வாத்தியார் ஒரு தேதியைப் போட்டுக்கொள்வார். அதுவே ஆயுள் முழுவதும் நின்றுவிடும். சென்னை மாகாணத்தில் பிறப்பு இறப்புப் பதிவுக்கென்று தனிச் சட்டம் வந்தது 1899இல். அதன்பின் கிராம முன்சீப்பின் ஏட்டில் பிறப்புகள் ஏறத் தொடங்கின. பிரசவம் பார்த்த பெண்ணை நினைவில் வைத்திருந்ததோ அந்தந்த வீடுதான். வீட்டார் மறந்தால் அவளும் மறந்தாள்.

திருத்தணியின் வரலாறு என்று கேட்டால் மலைக்கோயில், கார்வேட்டிநகர் ஜமீன், வடக்கெல்லைப் போராட்டம், ராதாகிருஷ்ணன் என்று நான்கைந்து தலைப்புகளில் பேச்சு முடிந்துவிடுகிறது. இந்த ஊர்ப் பிள்ளைகள் எப்படிப் பிறந்தார்கள், பிறந்த முதல் சில மாதங்களை எப்படித் தாண்டினார்கள் என்பதும் வரலாறுதான். மற்ற எல்லாமே அந்த மாதங்களைத் தாண்டி வந்தவர்கள் செய்தது.

வலி கண்டதும் ஆள் ஓடியது மருத்துவச்சி வீட்டுக்கு. தெலுங்கு பேசும் வீட்டார் அவளை மந்திரசானி என்பார்கள். இரண்டு மொழியும் புழங்குகிற ஊர் இது. எட்கர் தர்ஸ்டன் 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியக் குலங்கள், குடிகள் பற்றிய நூலில் நாவிதர் குலத்துப் பெண்களே ஊர்ப் பிரசவங்களைப் பார்த்தார்கள் என்று குறித்திருக்கிறார். ஆண்கள் சவரத்தோடு கட்டி கீறுவதும் புண்ணுக்கு மருந்து போடுவதும் செய்தார்கள். பெண்கள் பேறு பார்த்தார்கள். அந்தக் குலத்துக்கு மருத்துவர் என்றே ஒரு பெயர் உண்டு. படித்துப் பெற்ற பட்டமில்லை அது. மாமியாரோடும் தாயோடும் கூடப் போய், கூட இருந்து, கையால் தொட்டுத் தொட்டுக் கற்ற தொழில்.

அவள் வந்ததும் வெந்நீர் அடுப்பில் ஏறும். விளக்கெண்ணெயைச் சூடு காட்டி அடிவயிற்றிலும் இடுப்பிலும் தடவுவாள். உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்ட கயிற்றைப் பிடித்துக்கொண்டு குந்தியோ மண்டியிட்டோ முக்கச் சொல்வாள். பின்னால் ஒரு பெண் முதுகைத் தாங்கிக்கொண்டிருப்பாள். தலை திரும்பியிருக்கிறதா, குறுக்கே கிடக்கிறதா என்பதை வயிற்றின் மேல் கைவைத்தே சொல்லிவிடுகிற மருத்துவச்சிகள் இருந்தார்கள். பிள்ளை வெளியே வந்து நஞ்சுக்கொடி விழுந்தபின்தான் அவளுக்கு மூச்சு வரும். கொடியை அறுத்து, நஞ்சைப் புதைக்கக் கொடுத்து, பிள்ளையைக் கழுவித் துணியில் சுற்றிப் பாட்டியின் மடியில் வைக்கும்வரை அந்த வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம்.

கூலி நெல்லாக வரும். வெற்றிலை பாக்கோடு சில்லறைக் காசும், சில வீடுகளில் ஒரு புடவையும் சேரும். ஆண்பிள்ளை என்றால் கொடுக்கிற கை தாராளமாக நீளும். பெண்பிள்ளை என்றால் சுருங்கும். உழைப்பு இரண்டுக்கும் ஒன்றுதான். இதைவிடக் கசப்பான ஒன்றும் உண்டு. பிரசவம் தீட்டு, தீட்டைத் தொட்டவளும் தீட்டு. பிள்ளையைத் தன் கையால் ஏந்திக் கொடுத்த பெண்ணை அடுத்த வாரம் நடைக்கு இப்பால் நிறுத்திப் பேசிய வீடுகள் ஏராளம். அந்தத் துணிகளை எடுத்துப்போய் வெளுத்துக் கொடுத்த வண்ணார் வீட்டுப் பெண்ணுக்கும் அதே நடத்தைதான். இந்த இரண்டு பெண்களும் இல்லாவிட்டால் ஊரில் எந்தக் குலமும் பெருகியிருக்காது.

ஆபத்தும் அதே அறையில் இருந்தது. கொடி அறுக்க எடுத்த அரிவாளோ கத்தியோ கொதிநீர் கண்டதில்லை. தொப்புளில் சாம்பலோ சாணமோ வைத்த வழக்கம் பல இடங்களில் இருந்தது. அதன் வழியே ஏறிய ரணஜன்னி எத்தனையோ பச்சைப் பிள்ளைகளை முதல் இரண்டு வாரத்திற்குள் கொண்டுபோனது. தாய்க்குக் காய்ச்சல் கண்டு பிதற்றத் தொடங்கினால் பிரசவ ஜன்னி என்றார்கள். பழியை மருத்துவச்சியின் தலையில் மட்டும் கட்டுவது நியாயமில்லை. வியன்னாவில் இக்னாஸ் செம்மல்வைஸ் 1847இல் கண்டதை இங்கே நினைக்க வேண்டும். ஒரே மருத்துவமனையில் மருத்துவ மாணவர்கள் பார்த்த வார்டில், மருத்துவச்சிகள் பார்த்த வார்டைவிட அதிகத் தாய்மார் காய்ச்சலில் செத்தார்கள். பிணத்தை அறுத்த கையோடு மாணவர்கள் பிரசவம் பார்க்க வந்ததே காரணம். குளோரின் கலந்த நீரில் கை கழுவச் செய்ததும் சாவு சட்டென்று குறைந்தது. கிருமி என்ன செய்யும் என்பதைப் பெரிய நகரத்துப் பேராசிரியர்களே ஏற்க மறுத்த காலம் அது. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு கிராமத்துப் பெண் அதை அறிந்திருக்க வழியில்லை.

பிள்ளை பிறந்த பிறகு தொடங்குவது அடுத்த அத்தியாயம். தலைச்சன் பேறு தாய்வீட்டில்தான் என்பது இன்றும் பெரும்பாலும் மாறாத வழக்கம். ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு முடிந்து, கை நிறையக் கண்ணாடி வளையலோடு பெண் பிறந்த வீட்டுக்குப் போவாள். பிள்ளை பெற்றபின் மூன்று மாதமோ ஐந்து மாதமோ அங்கேயே இருப்பாள். மாமியார் வீட்டில் விடிகாலையில் எழுந்து அடுப்பு மூட்டவேண்டிய பெண்ணுக்கு, படுத்திருக்கவும் கேட்டதைச் சாப்பிடவும் ஊர் அனுமதித்த காலம் அவள் வாழ்நாளில் அநேகமாக அது ஒன்றுதான். இந்த வழக்கத்தை ஏற்படுத்தியவர்கள் யாராக இருந்தாலும், பெற்றவளுக்கு வேண்டியது முதலில் ஓய்வு என்பதை நன்றாக உணர்ந்திருக்கிறார்கள்.

அதற்கென்று ஒரு மருந்துச் சமையலே இருந்தது. சுக்கு, மிளகு, திப்பிலி, கண்டத்திப்பிலி, ஓமம், சித்தரத்தை, சதகுப்பை என்று நாட்டு மருந்துக் கடையில் வாங்கி, வறுத்து, இடித்து, சலித்து, வெல்லப் பாகில் கிளறி, நெய்யும் நல்லெண்ணெயும் விட்டு இறக்கிய லேகியத்தைக் காலையில் வெறும் வயிற்றில் ஓர் உருண்டை உள்ளே தள்ளவேண்டும். நொச்சியும் வேப்பிலையும் போட்டுக் கொதித்த நீரை இடுப்பில் வீசி வீசி ஊற்றுவார்கள். வயிற்றை நீளத் துணியால் இறுக்கிக் கட்டுவார்கள். பத்தியச் சோற்றுக்குப் பூண்டுக் குழம்பு, மிளகு ரசம். கறிமீன் தின்னும் வீட்டில் பால் சுரக்கக் கருவாட்டுக் குழம்பும் சுறாப் புட்டும். இதில் பாதி நல்லது. மீதியில் கெடுதலும் கலந்திருந்தது. பெற்றவள் தண்ணீர் அதிகம் குடிக்கக்கூடாது என்று தாகத்தோடு வைத்திருந்த வீடுகள் உண்டு. காய், பழம், கீரை ஆகாது என்று ஒதுக்கியதும் உண்டு. பால் கொடுக்கிற உடம்புக்கு இவை இரண்டும்தான் முதலில் வேண்டியவை.

குழந்தைக்குத் தனி வைத்தியம். வசம்பைச் சுட்டு, ஜாதிக்காய், மாசிக்காய், கடுக்காய், சுக்கு எல்லாவற்றையும் உரைகல்லில் ஒவ்வோர் இழுப்பு இழைத்து, தாய்ப்பாலில் குழைத்து நாக்கில் தடவுவது உரைமருந்து. வசம்பை மணிக்கட்டில் காப்பாகவும் கட்டுவார்கள். உதிர்ந்த தொப்புள்கொடித் துண்டைத் தாயத்தில் அடைத்து அரைஞாணில் கோப்பார்கள். பிறந்ததும் ஊரில் கைராசிக்காரர் என்று பெயரெடுத்த ஒருவர் சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைப்பது சேனை. அதே நேரத்தில், முதல் இரண்டு நாள் சுரக்கும் மஞ்சள் நிறச் சீம்பாலைக் கெட்ட பால் என்று பீச்சிக் கொட்டிய வீடுகளும் இருந்தன. பிள்ளைக்கு முதல் தடுப்பு மருந்தே அந்தப் பால்தான். இவ்வளவு அக்கறை நிறைந்த ஒரு மரபில் இப்படி ஓர் இழப்பும் இருந்ததை நினைத்தால் மனம் வலிக்கத்தான் செய்கிறது.

குளிப்பாட்டுவதைப் பற்றிச் சொல்லாமல் போகமுடியாது. இந்தப் பக்கத்தில் பாட்டியை ஆயா என்பார்கள். ஆயா சேலையை முழங்காலுக்கு மேல் ஏற்றிச் செருகிக்கொண்டு, பலகையில் உட்கார்ந்து காலை நீட்டி, இரண்டு கணுக்காலுக்கும் இடையில் பிள்ளையைக் குப்புறப் போட்டு, எண்ணெய் தேய்த்து, கைகால்களை நீவி மடக்கி, பயற்றமாவு போட்டு, பதமான வெந்நீரை அள்ளி அள்ளி ஊற்றுவாள். துடைத்து, சாம்பிராணிப் புகையைக் கூடையால் மூடிக் காட்டி, உள்ளங்காலிலும் கன்னத்திலும் மையிட்டுத் தாயிடம் கொடுத்தால் பிள்ளை பால் குடித்துவிட்டு மூன்று மணி நேரம் அசையாமல் தூங்கும். தூங்குவது தூளியில். அம்மாவின் பழைய நூல்புடவையை உத்தரத்தில் முடிந்துவிட்டால் தூளி தயார். அம்மையார்குப்பம், பொதட்டூர்பேட்டை, பள்ளிப்பட்டு என்று சுற்றிலும் தறி ஓடுகிற வட்டாரம் இது. தறிக்கு எட்டின தூரத்தில் தூளியைக் கட்டி, ஒரு கயிற்றைக் காலில் மாட்டி ஆட்டிக்கொண்டே நூல் சுற்றிய தாய்மார்களின் பிள்ளைகளுக்குத் தறிச் சத்தமே தாலாட்டு.

இந்தக் கட்டுரையின் கதைக்குத் திருத்தணி மலைமேல் இருக்கிறவரும் சாட்சி. கச்சியப்ப சிவாச்சாரியார் காஞ்சிபுரத்தில் இருந்து பாடிய கந்தபுராணம் சொல்லும் பிறப்பில் முருகன் வயிற்றில் பிறந்த பிள்ளை இல்லை. சிவனின் நெற்றிக்கண்ணில் எழுந்த ஆறு பொறிகள் சரவணப் பொய்கையில் ஆறு குழந்தைகளாகின்றன. எடுத்துப் பால் கொடுத்தவர்கள் கார்த்திகைப் பெண்கள் அறுவர். உமை வந்து வாரி அணைத்த பிறகே ஆறும் ஒன்றாகிறது. வளர்த்த பெண்களுக்குச் சிவன் கொடுத்த வரம்தான் கிருத்திகை வழிபாடு. ஆண்டுதோறும் ஆடி மாதத்தில் பூக்காவடியோடு லட்சக்கணக்கானவர்கள் தணிகை மலை ஏறுகிறார்கள், மூன்று நாள் சரவணப் பொய்கையில் தெப்பம் நடக்கிறது. அந்த விழாவுக்குப் பெயர் கொடுத்தவர்கள் பெறாமல் வளர்த்த ஆறு பெண்கள். பெற்றவள் ஒருத்தி, ஏந்தியவள் ஒருத்தி, குளிப்பாட்டியவள் ஒருத்தி, பால் போதாதபோது மார்பு கொடுத்த அண்டை வீட்டுக்காரி ஒருத்தி என்று வளர்ந்த பிள்ளைகளின் ஊரில் இந்த விழா பெருத்ததில் ஆச்சரியமில்லை.

பிள்ளையின் முதல் பெரிய பயணமும் இந்த மலைக்குத்தான். ஆண்டின் நாளுக்கு ஒன்றாக எண்ணப்படும் 365 படிகள். முதல் முடியைத் தணிகையில் இறக்குவதாக நேர்ந்துகொண்ட குடும்பங்கள் தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்தும் ஆந்திரப் பக்கத்திலிருந்தும் வருகின்றன. மொட்டை, சந்தனம், தாய்மாமன் மடியில் காதுகுத்து. தொட்டிலில் இட்டுப் பெயர் வைப்பதைத் தெலுங்கு வீட்டார் பாரசாலா என்று செய்வார்கள். பெயரிலும் மலை இறங்கி வந்துவிடும். தணிகாசலம், தணிகைமலை, தணிகைவேல், வள்ளியம்மாள் என்று வடதமிழ்நாட்டில் கூப்பிடக் கேட்டால், அந்தப் பிள்ளைக்காக யாரோ இந்தப் படிகளில் ஏறியிருக்கிறார்கள் என்று அறிந்துகொள்ளலாம்.

வளர்ச்சியைக் கணக்கு வைக்கவும் தமிழில் பழைய அளவுகோல் உண்டு. பிள்ளைத்தமிழ் என்ற இலக்கிய வகை காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம் என்று பருவம் பிரிக்கிறது. ஐந்தாம் மாதத்தில் ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, இரு கையையும் ஊன்றித் தலையை நிமிர்த்துகிற செங்கீரைப் பருவத்தையும், ஒன்பதாம் மாதத்தில் உட்கார்ந்து கைதட்டுகிற சப்பாணிப் பருவத்தையும் இன்றைக்கு ஒரு குழந்தை மருத்துவர் பார்த்தாலும் தலையசைப்பார். கிடைப்பவற்றில் பழையது 12ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் பாடிய குலோத்துங்க சோழன் பிள்ளைத்தமிழ். குழந்தையை இவ்வளவு உற்றுப் பார்த்திருந்தால்தான் இப்படிப் பருவம் பிரிக்க முடியும். உற்றுப் பார்த்தவர்கள் வீட்டுப் பெண்கள். ஏட்டில் பெயர் நின்றது புலவர்களுக்கு.

இனி மருத்துவமனைப் பக்கம் வருவோம்.

சென்னை எழும்பூரில் அரசுப் பிரசவ மருத்துவமனை 1844 ஜூலை 26இல் தொடங்கியது. 1854இல் அங்கே மருத்துவச்சிகளுக்குப் பயிற்சியும் வந்தது. ராயபுரத்திலிருந்து அரக்கோணம் வழியாக 1856இல் ரயில் ஓடியது. அரக்கோணத்தில் பிரிந்து திருத்தணி வழியாக வடமேற்கே போன பாதை 1871இல் ராய்ச்சூரில் பம்பாய்ப் பாதையோடு சேர்ந்தது. ஆக, ராதாகிருஷ்ணன் பிறப்பதற்கு முன்பே திருத்தணிக்கு ரயில் உண்டு, 85 கிலோமீட்டரில் பெரிய பிரசவ மருத்துவமனையும் உண்டு. ஆனாலும் திருத்தணிப் பெண் வீட்டுத் திண்ணையை ஒட்டிய இருட்டறையில்தான் பெற்றாள். ரயில் இருந்தது, போகும் வழக்கம் இல்லை. ஆண் மருத்துவர் தொடுவதைவிடச் சாவு மேல் என்று எண்ணிய வீடுகள் இருந்தன.

அந்த எண்ணத்தின் விலையை நேரில் பார்த்தவர் ஐடா ஸ்கடர். 1890களில் திண்டிவனத்தில் தம் தந்தையின் மிஷன் வீட்டில் அவர் தங்கியிருந்த ஓர் இரவில், மூன்று கணவர்கள் ஒருவர்பின் ஒருவராக வந்து மனைவிக்குப் பிரசவம் முடியவில்லை என்று உதவி கேட்டார்கள். மருத்துவரான தந்தையை அனுப்புகிறேன் என்றபோது மூவருமே மறுத்துவிட்டார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தார்கள். மருத்துவமே வேண்டாம் என்றிருந்த ஐடா அமெரிக்கா சென்று 1899இல் பட்டம் பெற்று, 1900இல் வேலூரில் ஒரே கட்டிலோடு தொடங்கினார். 1902இல் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை எழுந்தது. 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. வேலூரும் திருத்தணியும் 1911 வரை ஒரே வடாற்காடு மாவட்டம். அதன் தலைநகர் சித்தூர். 1911இல் சித்தூர் தனி மாவட்டமானபோது திருத்தணி அதோடு போனது.

சாவு எவ்வளவு என்பதற்கு அரசே கணக்குக் கொடுத்தது. 1946இல் வெளியான போர் (Bhore) குழு அறிக்கை, இந்தியாவில் ஆயிரம் பிரசவத்துக்கு ஏறத்தாழ 20 தாய்மார் இறப்பதாகவும், ஆண்டுக்கு 2 லட்சம் பேர் போவதாகவும் மதிப்பிட்டது. ஆயிரம் குழந்தைகளில் 162 ஓராண்டு முடியுமுன் இறந்தன. அந்தக் குழுவில் ஒருவர் ஏ. லட்சுமணசாமி முதலியார், எழும்பூர் மருத்துவமனையின் முதல் இந்தியக் கண்காணிப்பாளர். அவர் பிரசவ மருத்துவம் பற்றி எழுதிய பாடநூலைப் பல தலைமுறை மாணவர்கள் படித்தார்கள். நடுத்தெருவில் பத்து வீடு இருந்தால் அதில் ஒரு வீட்டிலாவது பேறுகாலத்தில் போன ஒருத்தியின் பெயர் பேசப்பட்ட காலம் அது. முதல் ஓராண்டு வரை பிள்ளையைக் கொஞ்சிப் பேசவே பயந்த தாய்மார், கண்படக்கூடாது என்று குப்பை, பிச்சை என்று பெயரிட்ட தாய்மார் ஏன் அப்படிச் செய்தார்கள் என்பதை இந்த எண்கள் சொல்கின்றன.

இதே சித்தூர் மாவட்டத்துக்கு இந்தியக் குழந்தைகளின் வரலாற்றில் ஒரு தனி இடம் உண்டு. இன்று பிறந்த குழந்தைக்கு இடது தோளில் போடுகிற பி.சி.ஜி. ஊசி இந்தியாவில் முதன்முதலாகப் போடப்பட்டது 1948இல், அப்போது இந்த மாவட்டத்தில் இருந்த மதனப்பள்ளியில். அங்கிருந்த காசநோய் மருத்துவமனைதான் முன்னின்றது. அதே ஆண்டு கிண்டியில் பி.சி.ஜி. மருந்து தயாரிக்கும் கூடமும் தொடங்கியது. தோளில் அந்தச் சின்னத் தழும்பு இருக்கிற ஒவ்வோர் இந்தியருக்கும் அந்த ஊரோடு ஒரு தொடர்பு இருக்கிறது.

பிறகு வந்தது எல்லைப் பிரச்சினை. 1953 அக்டோபர் 1இல் ஆந்திர மாநிலம் உருவானபோது சித்தூர் மாவட்டம் முழுதும் அங்கே போனது. ம.பொ. சிவஞானமும் மங்கலங்கிழாரும் வடக்கெல்லைக்குப் போராடினார்கள். பட்டாஸ்கர் தீர்ப்பின்படி 1960 ஏப்ரல் 1இல் திருத்தணி சென்னை மாநிலத்துக்குத் திரும்பிச் செங்கல்பட்டு மாவட்டத்தில் சேர்ந்தது. போராட்டம் எழுதப்பட்டுவிட்டது. பிள்ளை பெற்றவள் கணக்கில் அதைப் பார்த்தால் இப்படி வரும்: 1950இல் பெற்ற மூத்தவன் சென்னை மாநிலத்தில் பிறந்தவன், 1955இல் பெற்றவள் ஆந்திர மாநிலம், 1958இல் பெற்றவன் ஆந்திரப் பிரதேசம், 1961இல் பெற்றவள் மறுபடி சென்னை, மாநிலத்தின் பெயர் மாறியபின் 1970இல் பெற்ற கடைக்குட்டி தமிழ்நாடு. வீடு ஒன்று, அறை ஒன்று, பெரும்பாலும் மருத்துவச்சியும் ஒருத்தி. நகரியிலும் புத்தூரிலும் பெண் எடுத்து, பெண் கொடுத்த குடும்பங்களில் தாய்வீட்டு வழக்கத்தால் தலைச்சன் ஒரு மாநிலத்திலும் இளையது ஒரு மாநிலத்திலும் பிறப்பது இன்றைக்கும் சாதாரணம்.

மருத்துவச்சியின் இடத்துக்கு மெல்ல வந்தவர் நர்சம்மா. சுதந்திரத்துக்குப் பின் அரசு முதலில் பழைய மருத்துவச்சிகளையே கூப்பிட்டுப் பயிற்சி கொடுத்தது. சுத்தமான கை, சுத்தமான விரிப்பு, சுத்தமான பிளேடு, சுத்தமான நூல், தொப்புளில் எதுவும் வைக்காமை என்பதுதான் பாடம். பின் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், அதில் ஒரு கிராம சுகாதாரச் செவிலியர் என்று வந்தது. மாதமான பெண்ணின் வீட்டு வாசலில் வந்து நின்று, இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து, ரணஜன்னி ஊசி போட்டு, எடை எழுதி, தேதி சொல்லி, பிள்ளை பிறந்தபின் மறுபடி வந்து பார்த்தவர்கள் இவர்கள். 2015இல் தாய்க்கும் சிசுவுக்கும் வரும் ரணஜன்னியை இந்தியா ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அந்தச் செய்தி நாளிதழில் சின்னதாக வந்துபோனது. ஊரே கூடிக் கொண்டாடியிருக்க வேண்டிய செய்தி.

பணமும் சேர்ந்தது. முத்துலட்சுமி ரெட்டி பெயரில் 1987இல் தொடங்கிய மகப்பேறு உதவித்தொகை 2006இல் 6,000 ரூபாயாகவும் பிறகு 18,000 ரூபாயாகவும் உயர்ந்தது. 2008இல் 108 ஆம்புலன்ஸ் வந்தது. 2015இல் அரசு மருத்துவமனையில் பெற்றவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கிய 16 பொருள் பெட்டகத்தில் குழந்தைக்குத் துண்டு, சோப்பு, கொசுவலையோடு தாய்க்குச் சௌபாக்கிய சுண்டி லேகியமும் இருந்தது. ஆயா கிளறிய லேகியம் அரசாங்க முத்திரையோடு திரும்பி வந்ததில் ஒரு மரியாதை இருக்கிறது.

1992-93இல் முதல் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு நடந்தபோது தமிழ்நாட்டில் மூன்றில் ஒரு பிரசவமாவது வீட்டில் நடந்துகொண்டிருந்தது. 2019-21இல் நடந்த ஐந்தாம் கணக்கெடுப்பில் 99 சதவீதத்துக்கு மேல் மருத்துவமனையில். 2018-20இல் தமிழ்நாட்டின் தாய் இறப்பு லட்சம் பிறப்புக்கு 54. போர் குழுவின் கணக்கை லட்சத்துக்கு மாற்றினால் 2,000 வரும். இந்த இரண்டு எண்ணுக்கும் இடையில் இருப்பவர்கள் உயிரோடு வீடு திரும்பிய தாய்மார். பழைய பேறுகாலத்தைப் புகழ்ந்து பேசுகிறவர்கள் இதை முதலில் படிக்கவேண்டும்.

அந்த ஐந்தாம் கணக்கெடுப்பில் இன்னொரு எண்ணும் இருக்கிறது. தமிழ்நாட்டில் 44.9 சதவீதப் பிரசவங்கள் அறுவைச் சிகிச்சை. தனியார் மருத்துவமனைகளில் மட்டும் பார்த்தால் 60 சதவீதத்துக்கும் மேல். அறுத்துத் தைத்த வயிற்றோடு வருகிறவளுக்குப் பழைய ஓய்வைவிட அதிக ஓய்வு வேண்டும். கிடைப்பதோ குறைந்துகொண்டே வருகிறது. தாய்வீட்டில் காலை நீட்டிக் குளிப்பாட்டவேண்டிய ஆயாவே இப்போது வேலைக்குப் போகிறாள். குளிப்பாட்டுவதற்கு மாதக் கூலிக்கு ஆள் தேடுகிற வீடுகள் பெருகிவிட்டன. பழைய நாளில் தந்தை பிள்ளையைப் பார்க்க வந்துபோகிற விருந்தாளி. இன்றைய இளம் தந்தை பிரசவ வார்டு வாசலில் ராத்திரி முழுவதும் நிற்கிறார், கர்ப்பப் பதிவுக்கான பிக்மி எண் கேட்டால் சொல்கிறார், ஈரத்துணி மாற்றவும் கற்றுக்கொள்கிறார். மத்திய அரசு ஊழியரென்றால் அவருக்கு 15 நாள் விடுப்பு உண்டு. விசைத்தறி ஓட்டுகிறவருக்குப் பிள்ளை பிறந்த மறுநாளும் தறி ஓடினால்தான் கூலி. பால் கொடுப்பது ஒன்றைத் தவிர மற்ற எல்லா வேலைக்கும் ஆண் கை போதும் என்னும்போது, அந்தக் கையை வீட்டில் இருக்கவிடாத ஏற்பாடு மாறத்தான் வேண்டும்.

திருத்தணி அரசு மருத்துவமனை இப்போது மாவட்டத் தலைமை மருத்துவமனை. சுற்று வட்டாரத்துப் பிள்ளைகள் அங்கே பிறக்கிறார்கள், பிறந்த நிமிஷம் வரை ஏட்டில் ஏறிவிடுகிறது. அதற்கு முந்தைய தலைமுறைகளை ஏந்திய மருத்துவச்சிகளில் மிச்சம் இருப்பவர்கள் எண்பதைத் தாண்டியவர்கள். அவர்கள் சொல்வதை எழுதிவைக்க இன்னும் சில ஆண்டுகளே இருக்கின்றன. உங்கள் வீட்டில் பெரியவர்கள் இருந்தால் கேளுங்கள்: உங்கள் அம்மாவுக்குப் பிரசவம் பார்த்தது யார், எந்தத் தெரு, கூலியாக என்ன கொடுத்தார்கள், பிறகு அந்தக் குடும்பம் எங்கே போனது? பதிலை ஒரு நோட்டில் எழுதி, அந்தப் பெண்ணின் பெயரை முழுதாகப் போட்டு, குடும்பத்துப் பிறப்புச் சான்றிதழ்களோடு சேர்த்து வையுங்கள்.